வானொலியில் நன்னெறி பேசுவது ஒரு வேலையா?



பத்து பெக்காக்கா பக்கமிருந்து ஒரு தந்தை கடிதம் எழுதியிருக்கிறார். மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். வானொலியில்தான் சேருவேன் என்கிறாளாம். அது கூடப் பரவாயில்லை என்கிறார் அவர். ஆனால் பாட்டுப் போட்டு நேயர்களோடு கலகலப்பாகப் பேசும் வேலை அவளுக்கு வேண்டாமாம். சமயத்தைப் பற்றியும், எது நியாயம் எது அநியாயம் என்பதைப் பற்றியும் பேச வேண்டுமாம். கோயில் திருவிழாவில் சொற்பொழிவு தொடங்கினாலே ஆட்கள் எழுந்து அன்னதான வரிசைக்குப் போய்விடும் நாட்டில், இதைப் பேசி மாதச் சம்பளம் வாங்க முடியுமா, பிள்ளையின் மனம் நோகாமல் எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, தடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் சந்தேகமும் நியாயமானதுதான். அதனால் இந்த மாதம் என் பக்கம் முழுவதையும் உங்கள் கடிதத்துக்கே கொடுத்துவிட்டேன். மற்றவர்களும் பொறுத்துக்கொண்டு படியுங்கள். வீட்டில் வாயாடிப் பிள்ளை ஒன்று இருந்தால் உங்களுக்கும் உதவும்.

முதலில் தென்கச்சி கோ. சுவாமிநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலர் அவர் குரலை ஒலிநாடாவில் கேட்டவர்கள். சென்னை வானொலியில் காலை வேளையில் சில நிமிடம் ஒலித்த ‘இன்று ஒரு தகவல்’ நிகழ்ச்சியை ஏறத்தாழ 14 ஆண்டுகள் நடத்தினார். அவர் சாமியார் இல்லை, புலவரும் இல்லை. வேளாண்மை படித்தவர். 1977-இல் திருநெல்வேலி வானொலி நிலையத்துக்கு வந்தது விவசாய நிகழ்ச்சி செய்வதற்காகத்தான். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எந்தப் பருவத்தில் எந்த விதை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் 1984-இல் சென்னைக்கு மாற்றலாகி வந்தார். 2002-இல் உதவி நிலைய இயக்குநராக ஓய்வு பெற்றார். 2009 செப்டம்பர் 16 அன்று காலமானார். மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண அரசு ஊழியர் ஒருவரின் பணிக் குறிப்பு, அவ்வளவுதான்.

அந்தக் குறிப்பில் நான் விடாமல் பிடித்துக்கொள்வது திருநெல்வேலியில் கழிந்த அந்த ஏழு ஆண்டுகளை. விவசாயியிடம் வானொலியில் பேசுவது லேசான காரியமில்லை. கேட்பவருக்குத் தன் நிலத்தைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் சொல்லும் அளவு தப்பினால் பயிர் போய்விடும், மறுநாளே அவரிடமிருந்து ஏச்சுத்தான். அவரைத் திட்டிப் பேசினால் பெட்டியின் காதைத் திருகி அணைத்துவிடுவார். சரியாகச் சொன்னாலோ அவர் காட்டும் நன்றிக்கு அளவே இருக்காது. 1960-களின் பிற்பகுதியில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி வழியாகத் தஞ்சை வயல்களுக்குப் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். விஞ்ஞானி வைத்த பெயர் காகிதத்தோடு நின்றது. வானொலியின் பெயர்தான் வயலில் ஊன்றியது.

அந்தப் பள்ளியில் படித்தவர் நன்னெறி பேச வந்தபோது என்ன செய்தார்? கேட்பவரைத் திருத்தப் போகவில்லை. ஒரு தகவல் சொல்கிறேன், கேளுங்கள் என்றுதான் தொடங்கினார். புத்தர் வருவார், முல்லா வருவார், ஜென் துறவி வருவார், பக்கத்து வீட்டுக்காரரும் வருவார். எல்லோரும் ஒரே பாயில் உட்காருவார்கள். அவசரமில்லாத, கொஞ்சம் தூங்கி வழிவது போன்ற குரல். கனமாக ஏதாவது சொல்லி முடித்த கையோடு ஒரு நகைச்சுவைத் துணுக்கைப் போட்டு, தான் சொன்ன அறிவுரையின் காற்றைத் தானே பிடுங்கிவிடுவார். கேட்டவர் சிரித்துக்கொண்டே பஸ் பிடிக்கப் போவார். அறிவுரை எந்த வழியாக உள்ளே போனது என்று அவருக்கே தெரியாது. தமிழில் சமயமும் ஒழுக்கமும் பேசிய ஒலிபரப்பாளர்களில் இந்தத் தந்திரம் இவ்வளவு கைவந்தவர் வேறொருவர் இல்லை என்பது என் கணக்கு. சுகி சிவம் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். அவர் சன் தொலைக்காட்சியில் ‘இந்த நாள் இனிய நாள்’ பேசிய அழகே வேறு. ஆனால் அது மேடையின் அழகு. தென்கச்சி பேசியது திண்ணைப் பேச்சு.

இதையெல்லாம் நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்வதில் ஒரு காரணம் உண்டு. நமக்கு வானொலி வந்த வழி கொஞ்சம் வேறு. மலாயா வானொலி 1946 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1948-இல், அவசரகாலம் வந்துவிட்டது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரத்துக்காகத் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவில் கேட்கும் வானொலிப் பெட்டிகளை அரசாங்கம் வைத்தது. அந்த அவசரகாலத் தகவல் பிரிவுக்கு 1950, 51-இல் தலைவராக இருந்தவர் ஹ்யூ கார்ல்டன் கிரீன் என்ற வெள்ளைக்காரர். அவரே பிறகு 1960 முதல் 1969 வரை பிபிசியின் தலைமை இயக்குநராக இருந்தார். இந்தப் போரின் இரு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியது நம் மாவட்டத் தலைப்பட்டணமான பாலிங்கில்தான், 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில். கோலா கெத்திலில் பஸ் ஏறினால் போய்விடும் தூரம்.

ஆக, நம் லயங்களுக்கு வானொலி முதலில் நுழைந்ததே நல்லவர் யார், கெட்டவர் யார் என்று மேலிருந்து சொல்வதற்காக. நம் தாத்தா பாட்டிமார் அதைக் கேட்டார்கள், தலையும் ஆட்டினார்கள். எவ்வளவு நம்பினார்கள் என்பது வேறு விஷயம். கிராணி சொல்வதையும் மண்டோர் சொல்வதையும் ஒரு காதில் வாங்கிப் பழகியவர்களுக்குப் பெட்டி சொல்வதையும் அப்படியே வாங்கத் தெரிந்திருந்தது. பாட்டுக்கும் நாடகத்துக்கும் மட்டும் இரண்டு காதையும் கொடுத்தார்கள். பின்னாளில் இரா. பாலகிருஷ்ணன் போன்றவர்கள் தலைமையில் வளர்ந்த தமிழ்ப் பகுதி மக்கள் மனதில் இடம் பிடித்தது அந்த வழியில்தான். ரெ. சண்முகம் பாடினால் லயமே கேட்டது.

இன்னொன்றும் உண்டு. சென்னையில் காலைச் செய்தியை ஒட்டிப் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கும். தோட்டத்தில் அந்நேரம் பெரட்டு முடிந்து, ஆட்கள் நிரையில் மரம் சீவிக்கொண்டிருப்பார்கள். மங்குகளிலிருந்து பாலை எடுத்து, நிறுத்துக் கொடுத்து, குளித்துச் சாப்பிட்டு உட்காரும் மதிய நேரம்தான் வானொலி நேரம். அலுத்துப்போன உடம்போடு திண்ணையில் சாய்ந்திருப்பவருக்குத் தர்மோபதேசம் செய்ய வருகிறவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும். அவர் அன்றைய தர்மத்தை வேர்வையாகச் சிந்திவிட்டு வந்திருக்கிறார். இது உங்கள் மகளுக்கு முதல் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கேட்பவர் உன்னைவிடக் குறைந்தவர் இல்லை.

வெளிநாட்டிலும் கொஞ்சம் பார்ப்போம். பிபிசி வானொலியின் காலைச் செய்தி நிகழ்ச்சிக்கு நடுவே 1970 முதல் ‘தாட் ஃபார் தி டே’ என்று மூன்று நிமிடத்துக்கும் குறைவான பேச்சு ஒன்று வருகிறது. பல மதத்தவரும் முறை வைத்துப் பேசுவார்கள். அதில் லயனல் புளூ என்ற யூத குரு ஒருவர் இருந்தார். 2016-இல் காலமானார். கடவுளைப் பற்றிப் பேசுவார், சமையலைப் பற்றிப் பேசுவார், தன் பயங்களைப் பற்றியும் மறைக்காமல் பேசுவார், கடைசியில் ஒரு ஜோக் சொல்லி முடிப்பார். திங்கட்கிழமை வேலைக்குப் போக மனமில்லாத இங்கிலாந்துக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுக் கிளம்புவார்களாம். தென்கச்சியும் லயனல் புளூவும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

அதே நிகழ்ச்சியில் இந்தர்ஜித் சிங் என்ற சீக்கியர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிவந்தார். குரு தேக் பகதூர் பிறர் மதத்தின் உரிமைக்காக உயிர் கொடுத்ததைப் பற்றி அவர் எழுதிய பேச்சு முஸ்லிம்களைப் புண்படுத்தக்கூடும் என்று சொல்லி நிலையத்தார் தடுக்கப் பார்த்தார்கள். பேச்சு ஒலிபரப்பானது. ஆனால் 2019-இல் அவர் அந்த நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொண்டார். யார் பக்கம் நியாயம் என்பதை உங்கள் முடிவுக்கு விடுகிறேன். எனக்கு அவர் பக்கம்தான் மனம் சாய்கிறது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய வரலாற்றை ஒருவர் மரியாதையாகச் சொன்னால் அதைத் தாங்கும் பக்குவம் கேட்பவருக்கு உண்டு என்று நம்பாத நிலையம் எதற்காக நன்னெறி ஒலிபரப்ப வேண்டும்?

இந்திய வானொலிக்கும் ஒரு விதித் தொகுப்பு உண்டு. எந்த மதத்தையும் சமூகத்தையும் தாக்கிப் பேசக் கூடாது என்கிறது அது. நல்ல விதி. ஆனால் அந்த விதிக்குள் பத்திரமாக இருப்பதற்குச் சுலபமான வழி, யாரும் மறுக்க முடியாததை மட்டும் பேசுவது. பொய் சொல்லாதே, பெற்றோரை மதி, கோபத்தைக் குறை. தென்கச்சியின் வடிவத்துக்கும் இந்த எல்லை உண்டு என்றுதான் நினைக்கிறேன். சில நிமிடக் கதை தனி மனிதனின் குணத்தைத் தொடும். தோட்டம் கைமாறியதும் நூறு ஆண்டுக் கோயில் திடீரென்று ‘அனுமதியில்லாக் கட்டடம்’ ஆகிவிடுவதைப் பற்றி அந்தக் கதையால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஐயா, உங்கள் மகள் கேட்கும் வேலையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பேசுகிற வேலை. இன்னொன்று கேட்கிற வேலை, அதாவது சமயச் செய்தியாளர் வேலை. தமிழில் முதல் வகைக்குப் பஞ்சமே இல்லை. இரண்டாவது வகையைத் தேடத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஏபிசி வானொலி ‘ரிலிஜன் ரிப்போர்ட்’ என்று வாராவாரம் ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மத நிறுவனங்களை ஒரு செய்தியாளன் அரசியலைப் பார்ப்பது போலப் பார்க்கும் நிகழ்ச்சி. பணம் எங்கே போகிறது, அதிகாரம் யாரிடம், பாதிக்கப்பட்டவர் யார் என்று கேட்கும். 2008-இல் நிலையம் அதை நிறுத்த முடிவு செய்தபோது, தொகுப்பாளர் ஸ்டீஃபன் கிரிட்டென்டன் அந்தச் செய்தியைத் தன் நிகழ்ச்சியிலேயே நேயர்களுக்கு அறிவித்துவிட்டார். சமயச் செய்தி எவ்வளவு எளிதாகக் கத்தரிக்கப்படும் என்பதற்கும், அந்த வேலைக்கு எவ்வளவு முதுகெலும்பு வேண்டும் என்பதற்கும் இது ஒரு உதாரணம். பின்னர் அதே நிலையத்தில் ‘ரிலிஜன் அண்ட் எதிக்ஸ் ரிப்போர்ட்’ என்ற பெயரில் அப்படியொரு நிகழ்ச்சி மறுபடி வந்தது.

நம் ஊரில் அப்படி ஒருவருக்கு விஷயமா இல்லை? 2021 ஜனவரியில் கெடா மந்திரி பெசார் அந்த ஆண்டு தைப்பூசத்துக்குச் சிறப்பு விடுமுறை கிடையாது என்று அறிவித்தார். அறிக்கைகளும் கண்டனங்களும் பறந்தன. அந்த விடுமுறை எந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படுகிறது, யார் முடிவு செய்வது, மற்ற மாநிலங்களில் நடைமுறை என்ன என்று பொறுமையாக விளக்கிய குரல்களை விரல் விட்டு எண்ணலாம். ஈப்போவின் பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கில், பெற்றோரில் ஒருவர் மட்டும் முடிவு செய்து பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29-இல் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று தோட்டத்துத் தாய் ஒருத்திக்குப் புரியும்படி தமிழில் அரைமணி நேரம் சொல்வது எவ்வளவு பெரிய நன்னெறி வேலை! வெளியே மட்டும் பார்க்க வேண்டாம், நம் வீட்டுக்குள்ளும் வரட்டும். கோயில் நிர்வாகக் கணக்கு, சங்கப் பதிவு, இரண்டாகப் பிரிந்த கமிட்டி, பறை அடிப்பவரை எந்த வாசலோடு நிறுத்துகிறோம் என்பது. இதையெல்லாம் கேட்பவர் யார்?

2025 மார்ச்சில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏரா எஃப்எம் என்ற மலாய் வானொலியின் அறிவிப்பாளர்கள் ‘வேல் வேல்’ என்று கத்திக் காவடி ஆட்டத்தைக் கேலி செய்த காணொளி வெளியானது. அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள். தொடர்பு பல்லூடக ஆணையம் நிலையத்தின் உரிமத்தை நிறுத்திவைக்கப் போவதாகச் சொல்லி, கடைசியில் நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் தண்டம் விதித்தது. தண்டம் கட்டியதோடு விவகாரம் முடிந்ததாக எல்லோரும் எடுத்துக்கொண்டோம். எனக்கு ஓர் ஆதங்கம் இன்னும் உண்டு. காவடி எடுப்பவர் எத்தனை நாள் விரதம் இருக்கிறார், ஏன் எடுக்கிறார், அவர் உடம்பிலும் மனதிலும் என்ன நடக்கிறது என்று மலாய் நேயர்களுக்கு மலாயில் உட்கார்ந்து பேசுகிற நிகழ்ச்சி ஒன்று முன்பே இருந்திருந்தால், அந்தக் கேலிக்கு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அதுபோல ரமலானைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும்? பசார் ரமலானில் என்ன வாங்கலாம் என்பதைத் தவிர?

பள்ளிக்கூடத்தில் வாரந்தோறும் ருக்குன் நெகாரா சொல்கிறோம். 1970 ஆகஸ்ட் 31-இல் பிரகடனம் செய்தது. முதல் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை. ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும். இடையில் மாமன்னர், அரசியலமைப்பு, சட்டம். ஆனால் வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் இரண்டு அறைக்குப் பிரிந்துவிடுகிறார்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வி. தமிழ்ப்பள்ளியிலோ பெரும்பாலும் நன்னெறி மட்டுமே. அடுத்த அறையில் என்ன பேசுகிறார்கள் என்று பதினோரு ஆண்டுப் படிப்பிலும் தெரியாமலே ஒரு தலைமுறை வளர்கிறது. சுவருக்கு இருபுறமும் கேட்பது வானொலி ஒன்றுதான். குனோங் ஜெராய் உச்சியில் நிற்கும் கோபுரத்துக்கு எந்த வீட்டில் சாமி படம் இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்று தெரியாது.

இனி அந்தப் பெண்ணுக்கே நேராகச் சொல்கிறேன். அம்மா, இந்த வேலைக்கென்று தனி விளம்பரம் வரும் என்று காத்திருக்காதே. தென்கச்சிக்கும் வரவில்லை. அவர் நெல்லிலிருந்து வந்தார். நீ செய்தியிலிருந்து வரலாம், நாடகத்திலிருந்து வரலாம், விளையாட்டு வர்ணனையிலிருந்துகூட வரலாம். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் துறை இருக்கிறது. வீட்டுக்கும் பக்கம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை நடக்கிறது. தமிழும் சமயமும் ஆழமாகப் படிக்க ஆசையென்றால் அங்கே போ. அங்காசாபுரியில் துன் அப்துல் ரசாக் ஒலிபரப்புப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. வேலையில் சேர்ந்த பிறகு கைத்தொழிலை அங்கே கற்கலாம். மலாய் நன்றாக வேண்டும், ஏனென்றால் மதம் பற்றிய சட்டமும் அரசாணையும் அதில்தான் இருக்கின்றன. கொஞ்சம் அரபுச் சொற்களும் கொஞ்சம் சமஸ்கிருதச் சொற்களும் தெரிந்திருந்தால் யாருடைய பெயரையும் தப்பாக உச்சரித்து மனம் நோகச் செய்ய மாட்டாய்.

அதற்கெல்லாம் முன்பு, கையில் இருக்கும் தொலைபேசியை எடுத்துக்கொண்டு உன் தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் போ. சொற்பொழிவு கேட்காதே. முதல் முதலில் அந்தச் சாமியை அங்கே வைத்தது யார், எந்தக் கங்காணி, எந்த வருஷம், அதற்கு முன் அங்கே என்ன மரம் நின்றது என்று கேள். கோலா கெத்தில் பட்டணத்துப் பள்ளிவாசலில் ஒருவரிடம், தேவாலயத்துக்குப் போகும் அந்தோணியார் பக்தை ஒருவரிடம், சீனக் கோயில் பெரியவர் ஒருவரிடம் இதே கேள்விகளைக் கேள். ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடத்துக்குள் அடக்கிப் பார். அறிவுரை எட்டிப் பார்க்கும் இடத்தில் வெட்டு. உன் அப்பாவைக் கேட்கச் சொல். அவர் பாதியில் எழுந்து போனால், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி செய்.

தந்தைக்கு ஒரு வார்த்தை. சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசாங்க வானொலியில் நிரந்தர வேலை கிடைத்தால் ஓய்வுக்காலம் வரை கவலை இல்லை. ஒப்பந்த வேலை என்றால் ஆண்டுக்கு ஆண்டு மடியில் நெருப்பு. தனியார் நிலையத்தில் நேயர் எண்ணிக்கை இறங்கினால் முதலில் கத்தரி விழுவது இந்த மாதிரி நிகழ்ச்சிகள் மீதுதான். மறைக்க நான் விரும்பவில்லை. பகுதி நேரமாகத் தொடங்கி, பக்கத்தில் ஆசிரியர் வேலையோ எழுத்து வேலையோ வைத்துக்கொள்பவர்கள் அதிகம். அப்படியும் இருக்கலாம்.

அந்த ஐந்து நிமிடப் பதிவுகளை அவள் முடித்ததும் நம் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தாக மாற்றி அடுத்தடுத்த இதழ்களில் போட இடம் ஒதுக்கியிருக்கிறேன். சன்மானம் சிறிது உண்டு, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘வானொலி ஆறு’ காலத்துச் சமய நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள். நாடா பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. சுத்தம் செய்து பதிவெடுக்கத் தெரிந்த தம்பி ஒருவர் சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்